கற்பனை எவ்வளவு, நிஜம் எவ்வளவு? ஒரே கவிதையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கவிதை எழுதத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் ரொம்ப எரிச்சல் தருவதும் ஒரே கேள்விதான்: "கவிதையில் கற்பனை எத்தனை பங்கு, நிஜம் எத்தனை பங்கு?" ஏதோ சிமெண்டும் மணலும் கலக்கிற மாதிரி. இரண்டும் வேண்டும் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் பிடிக்கும். ஆனால் பங்கு போட உட்கார்ந்த உடனே காரியம் கெட்டுவிடுகிறது. முதல் நான்கு வரி நிஜம், அடுத்த நான்கு வரி கற்பனை என்று எழுதினால் வாசகர் கண்ணுக்கு நடுவில் இருக்கும் ஒட்டு மட்டும்தான் தெரியும்.

இதைப் பற்றி நம்மிடம் ரொம்பப் பழைய பேச்சு ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு நூற்பா, "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று தொடங்கும். பாட்டுக்கு உரிய வழி என்பது நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்தது என்கிறார் தொல்காப்பியர். உலகியல் சரி, உலகத்தார் நடந்துகொள்கிற முறை. நாடக வழக்கு என்றால் என்ன? பொய்யா? இங்கேதான் உரையாசிரியர் இளம்பூரணர் ஒரு அருமையான விளக்கம் தருகிறார்: சுவைபட வருவன எல்லாவற்றையும் ஓரிடத்தில் வந்தனவாகத் தொகுத்துச் சொல்வதுதான் நாடக வழக்கு. கவனித்தீர்களா, "இல்லாததைச் சொல்வது" என்று அவர் சொல்லவில்லை. உலகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. எனக்குத் தெரிந்து கற்பனைக்கு இதைவிட உபயோகமான விளக்கம் கிடையாது, ஏனென்றால் இது கையில் வேலையைக் கொடுக்கிறது: முதலில் சிதறிக் கிடப்பதைப் பார், அப்புறம் சேர்.

அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் செய்து பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு ஒரு கவிதையை முதல் மோசமான வடிவத்திலிருந்து கடைசி வடிவம் வரை கூடவே இழுத்துக்கொண்டு போகிறேன். நானே எழுதியது, அதனால் தாராளமாகத் திட்டலாம்.

படி 1: தலைப்பை விடுங்கள், ஒரு பொருளைப் பிடியுங்கள்

வீடு காலி செய்வதைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். பல வருஷம் இருந்த வீடு. அன்று இரவே உட்கார்ந்து எழுதியது இது:

நினைவுகளின் சிறகுகளில்
நெஞ்சம் பறக்கிறது
நாம் வாழ்ந்த வீடே
மௌனத்தின் மொழியில்
நீயும் அழுகிறாயா?

எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதுதான் ஆபத்து. எழுதும்போது எனக்குள்ளே அந்த வீடு முழுக்க இருந்தது, ஜன்னல், தரையின் விரிசல், எல்லாம். தாளில் அதில் எதுவும் இல்லை. இந்த ஐந்து வரியை உலகத்தில் எந்த வீட்டின் வாசலில் வேண்டுமானாலும் ஒட்டலாம், பள்ளிக்கூடத்து வாசலிலும் ஒட்டலாம்.

பழைய இலக்கணத்தில் முதல், கரு, உரி என்று மூன்று சொல்வார்கள். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தில் இருக்கும் மரம், பறவை, விலங்கு, தொழில் முதலியவை. உரி என்பது உணர்ச்சி. இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறோம், ஆனால் கவிதை எழுதுகிறவனுக்கு இது அப்படியே ஒரு வேலைத் திட்டம். என் ஐந்து வரியில் உரி மட்டும்தான் இருந்தது. எந்த நேரம்? தெரியாது. எந்த அறை? தெரியாது. அறையில் என்ன இருந்தது? சிறகு! வீட்டுக்குள் சிறகு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதனால் முதல் வேலை, "பிரிவு", "வீடு", "அம்மா", "போர்" என்று தலைப்பாக நிற்பதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு அதற்குள் இருந்து கையால் தொடக்கூடிய ஒரே ஒரு பொருளை எடுப்பது. ஒன்று போதும். இரண்டு எடுத்தால் சண்டை போடும். நான் யோசித்துப் பார்த்ததில் அன்று என்னை நிறுத்திய பொருள் ஒன்று இருந்தது. கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருந்த இடம். மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போய், படத்துக்குப் பின்னால் இருந்த இடம் மட்டும் பழைய வண்ணத்தோடு அப்படியே இருந்தது.

படி 2: ஒப்பனை இல்லாமல் நடந்ததை எழுதுங்கள்

இதைப் பலரும் தாண்டிக் குதித்துவிடுவார்கள், ஏனென்றால் இதில் கவிதை எழுதுகிற சுகமே கிடையாது. உவமை கூடாது, "போல" கூடாது, உணர்ச்சிச் சொல் கூடாது. போலீஸ்காரர் மகஜர் எழுதுகிற மாதிரி எழுத வேண்டும். என்னுடையது இப்படி வந்தது:

சாமான்களை ஏற்றியாயிற்று. கூடத்துச் சுவரில் ஐந்து ஆணிகள், ஒன்று வளைந்திருக்கிறது. படம் இருந்த இடத்தில் சுவர் இன்னும் பழைய வண்ணத்தில் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது. மேல் விளிம்பில் ஒட்டடை. பேசினால் அறை எதிரொலிக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறார். அவர் உள்ளே வரவில்லை.

இதில் பாதி குப்பைதான், இருக்கட்டும். இது மூலப்பொருள். ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், குறைந்தது ஒரு பக்கமாவது எழுதுங்கள். முதல் பத்து வரியில் எல்லாருக்கும் தோன்றுவதுதான் வரும். அது தீர்ந்த பிறகு, எழுத ஒன்றுமில்லை என்று பேனாவைக் கடிக்கும் நேரத்தில்தான் "அவர் உள்ளே வரவில்லை" மாதிரி ஏதாவது வந்து விழும்.

கூர்ந்து பார்ப்பது என்ன செய்யும் என்பதற்கு என்னிடம் எப்போதும் ஒரே உதாரணம்தான், குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது. ஐந்தே அடி:

யாரும் இல்லை தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி சொல்கிறாள். அவனும் நானும் சேர்ந்த அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஆங், ஒரு குருகு இருந்தது, தினைத் தாள் மாதிரி சின்னப் பசுங்கால், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தக் காலைப் பாருங்கள். பறவையின் கால் எப்படி இருந்தது என்பது வழக்குக்குத் தேவையே இல்லாத விவரம். ஆனால் அதுதான் அவளை நம்ப வைக்கிறது, அங்கே இருந்தவளுக்குத்தான் அது தெரியும். அந்த நேரத்தில் பறவையின் காலைப் பார்த்திருக்கிறாள் என்றால் தலை குனிந்திருந்தாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன், பாட்டில் அப்படி இல்லை. இன்னொன்று, அந்தக் குருகு அவர்களைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ள ஒரே சாட்சியும் வேறு பக்கம் திரும்பி நிற்கிறது, அதுவும் பேசத் தெரியாத சாட்சி. கபிலர் இங்கே எதையுமே இட்டுக்கட்டவில்லை. நீர், மீன், பறவை, எல்லாம் ஆற்றங்கரைக்குப் போனால் பார்க்கக் கிடைப்பது. அந்தப் பறவையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது மட்டும்தான் அவர் வேலை. கற்பனை அவ்வளவுதான், ஆனால் பாட்டே அதுதான்.

படி 3: உணர்ச்சியின் பெயரை அடித்துவிடுங்கள்

சோகம், தனிமை, ஏக்கம், வலி, காதல், மௌனம். உங்கள் கவிதையில் இந்தச் சொற்கள் இருந்தால் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். அடித்த பிறகும் அந்த உணர்ச்சி இருந்தால் சொல் தேவைப்படவில்லை என்று அர்த்தம். அடித்ததும் உணர்ச்சியும் போய்விட்டால் அது கவிதையில் முதலிலிருந்தே இல்லை, சொல்லில் மட்டும் இருந்தது.

புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைய திங்கள், அன்றைய வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய திங்கள், இன்றைய வெண்ணிலவில் முரசறையும் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார், எங்களுக்குத் தந்தையும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. உவமை உண்டா? இல்லை. "துயரம்" என்று ஒரு சொல்? இல்லை. கற்பனை எங்கே இருக்கிறது என்று தேடினால் ஒரே இடத்தில் அகப்படும்: ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு நிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. தொகுத்தல், இளம்பூரணர் சொன்ன அதே வேலை. நிலா மட்டும் மாறவில்லை என்பதை அந்தப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை, நாம்தான் சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளும்போதுதான் அடி விழுகிறது.

சரி, பெயரைச் சொல்லக் கூடாது என்றால் உணர்ச்சியை எழுதுகிறவன் எப்படிப் பிடிப்பது? உங்களுக்குள் அதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகையை எடுத்துக்கொண்டு அதன் பிறப்பிடம் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் தன்னை இகழ்வது இளிவு. இழந்தது இழவு. இருந்த நிலையிலிருந்து தாழ்வது அசைவு. இல்லாமை வறுமை. வெளியே பார்த்தால் நான்கும் ஒரே கண்ணீர்தான், ஆனால் நான்கும் நான்கு கவிதை. நான் என் வீட்டுக் கவிதையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் வீட்டை இழந்ததற்காக வருத்தப்படவில்லை. புது வீடு நன்றாகவே இருந்தது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் இருந்த ஆள் இப்போது நான் இல்லை, அது எப்போது நடந்தது என்று தெரியவில்லை, அதுதான் உறுத்தியது. சொல்லப்போனால் இழவும் இல்லை, அசைவு. "நீயும் அழுகிறாயா வீடே" என்று எழுதியது முழுப் பொய், வீட்டின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

இந்த ஒரு படியில் அவசரப்படாதீர்கள். ஒரு நாள், இரண்டு நாள் கூட ஆகலாம்.

படி 4: ஒரே ஒரு தாவல்

இப்போதுதான் கற்பனையின் முறை வருகிறது. கையில் ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பற்றிய நிஜம் ஒரு பக்கம் இருக்கிறது, உள்ளே என்ன உணர்ச்சி என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது. இனி அந்தப் பொருளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஏன் இப்படி இருக்கிறது?

சுவரில் அந்த இடம் மட்டும் ஏன் வெளுக்கவில்லை? வெயில் படவில்லை. வெளிச்சமும் அதோடு வரும் புற ஊதாக் கதிரும்தான் சாயத்தை மெல்ல மெல்லச் சிதைப்பவை. படத்தின் சட்டம் அந்த இடத்தை மறைத்துக்கொண்டது. வெயில் படவில்லை என்றால் அங்கே நாட்கள் போகவில்லை. நாட்கள் போகவில்லை என்றால் அங்கே இன்னும் படம் மாட்டிய அன்றைய தேதிதான்.

பாருங்கள், நான் எங்கேயும் மேகத்தில் ஏறவில்லை. பௌதிகத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன், கடைசியில் ஒரு அடி மட்டும் எடுத்து வைத்தேன்:

அந்த நீலச் சதுரத்துக்குள்
நாங்கள் குடிவந்த நாள்
இன்னும் முடியவில்லை

இது நிஜமா? இல்லை. பொய்யா? அதுவும் இல்லை. சுவரைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இந்தத் தாவலைச் சோதித்துப் பார்க்கவும் பழைய ஆட்கள் வழி வைத்திருக்கிறார்கள். உவமை எதை வைத்துப் பொருந்தும் என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல் ஒத்திருக்கிறதா, பயன் ஒத்திருக்கிறதா, வடிவம் ஒத்திருக்கிறதா, நிறம் ஒத்திருக்கிறதா. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் வரும் செம்புலப் பெயல்நீரை இதில் வைத்துப் பாருங்கள். செம்மண்ணில் மழை விழுகிறது, விழுந்த கணமே மண்ணின் நிறத்தை எடுத்துக்கொள்கிறது, அப்புறம் இது மழை, இது மண் என்று பிரிக்க முடியாது. செயலும் பொருந்துகிறது, நிறமும் பொருந்துகிறது. அதற்கு முன்னால் பாட்டு என்ன கேட்டது? என் தாயும் உன் தாயும் யாரோ எவரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? வானத்துத் தண்ணீருக்கும் மண்ணுக்கும் கூட முன்பின் உறவு கிடையாது. அதுவும் பொருந்துகிறது. இத்தனை இடத்தில் பூட்டிக்கொண்டதால்தான் அந்த ஒரு உவமை எழுதியவரின் பெயரையே விழுங்கிவிட்டது, இன்று நமக்கு அவர் செம்புலப்பெயனீரார் மட்டும்தான்.

இப்போது என் பழைய "நினைவுகளின் சிறகுகள்" பக்கம் திரும்புவோம். வினை? நினைவு பறக்குமா, எப்படி? பயன்? மெய்? உரு? எதுவும் இல்லை. இது ஒரு தொழிற்சாலைச் சரக்கு. ஒரு பக்கம் மௌனம், காலம், நினைவு, தனிமை, கனவு என்று ஐந்து சொல் எழுதுங்கள். இன்னொரு பக்கம் சிறகு, நதி, சாம்பல், வாசல், மொழி. நடுவில் "இன்" போடுங்கள். மௌனத்தின் நதி. தனிமையின் சாம்பல். கனவின் வாசல். காலத்தின் மொழி. 25 கவிதைத் தலைப்பு தயார், அத்தனையும் ஆழமாக ஒலிக்கும்! எந்தச் சோடியும் பொருந்துகிறது என்றால் எந்தச் சோடியும் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம். தமிழில் கவிதை எழுதுகிற நமக்கு இந்த "இன்" ஒரு போதை, நான் இன்னும் முழுசாக விட்டபாடில்லை.

தலைப்பில் ஏன் "ஒரே ஒரு" என்று போட்டேன்? சொல்கிறேன். அந்த மூன்று வரி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கூடவே இதையும் சேர்த்தேன்: "ஆணிகள் அழுதன, ஒட்டடை தன் கூந்தலை விரித்தது." கெட்டது. முதல் தாவலை வாசகர் நம்பியிருந்தார், சுவர் அதற்குச் சாட்சி. ஆணி அழுததும், ஓ, இந்த ஆள் சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் நம்பியதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார். சின்னக் கவிதைக்கு ஒரு தாவல் போதும். நீண்ட கவிதை என்றால் இரண்டு, மூன்று, ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓடிவர இடம் வேண்டும், அந்த ஓட்டப் பாதைதான் நிஜம்.

உயிரில்லாத பொருளுக்கு உணர்ச்சி ஏற்றவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தற்குறிப்பேற்றம், அதாவது இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது, நம் சொத்து. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் மேல் இருக்கும் கொடிகள் "வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட" அசைகின்றன, வராதே என்று கைகாட்டுவது போல. காற்றில் கொடி அப்படித்தான் ஆடும், அந்த ஆட்டத்தில் இளங்கோ ஒரு நூல் கூட மாற்றவில்லை. உள்ளே போகிறவர்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்த ஒருவர் அந்த அசைவைப் படித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். என் ஆணிக்கு அப்படி எந்த அசைவும் இல்லை. அது பாட்டுக்குச் சுவரில் இருந்தது.

படி 5: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவர் நீலம் இல்லை, வெளிர் பச்சை. சதுரமும் இல்லை, நீள்சதுரம். கவிதையில் பச்சை என்று போட்டுப் பார்த்தேன், உடனே செடி, கொடி, வளர்ச்சி என்று தேவையில்லாத கூட்டம் உள்ளே வந்தது. நீலத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. "நீள்சதுரம்" வாயில் நுழையவில்லை, அதோடு வடிவியல் வகுப்பு ஞாபகம் வருகிறது.

அப்படியென்றால் நடந்ததை அப்படியே எழுத வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னது? அது இரண்டாம் படிக்கு. கவிதை வாக்குமூலம் கிடையாது. எனக்கு நடந்ததா என்பதில் வாசகருக்கு அக்கறை இல்லை, நடக்கக்கூடியதா என்பதில் இருக்கிறது. வண்ணத்தை மாற்றலாம், வெயிலை மாற்றக் கூடாது. அதாவது, கவிதை எந்த நிஜத்தின் மேல் நிற்கிறதோ அதில் கை வைத்தால் எல்லாம் சரிந்துவிடும். நான் ஒரு தடவை அமாவாசை இரவில் நிழல் விழுவதாக எழுதிவிட்டேன், விளக்கும் கிடையாது. கவிதை முழுக்க அந்த நிழலைப் பற்றித்தான். படித்த நண்பர் ஒரு வார்த்தை கூட விமர்சனம் செய்யவில்லை, "நிழல் எப்படிய்யா விழுந்தது?" என்று மட்டும் கேட்டார். அதை இன்றுவரை சரி செய்ய முடியவில்லை.

சில விஷயங்களில் மட்டும் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். இன்னொருவருக்கு நடந்த கொடுமையை எழுதும்போது, கவிதைக்கு எடுப்பாக இருக்கும் என்று அதில் ரத்தத்தைக் கூட்டுவது. அங்கே நிஜம் நம்முடையது இல்லை, அடக்கமாக இருப்பது நல்லது.

படி 6: முழுக்கக் கற்பனையாக எழுத ஆசையா?

தாராளமாக. ஆனால் அதற்கு நிஜம் இன்னும் அதிகமாக வேண்டும், குறைவாக இல்லை. "நிலா என் வீட்டுக் கதவைத் தட்டியது" என்று ஒருவர் எழுதினால் நான் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். "நிலை தாழ்வு, நிலா குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது" என்று எழுதினால் நின்றுவிடுவேன். நிலைவாசலில் தலை இடித்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு, நிலாவுக்கும் அந்தப் பயம் இருக்கிறது என்றதும் அது உண்மையாகவே உள்ளே வந்துவிட்டது. வந்த நிலா எங்கே உட்கார்ந்தது, உட்கார்ந்த இடம் எவ்வளவு வெளிச்சமானது, பக்கத்து வீட்டில் இருட்டாகிவிட்டதே என்று யாராவது சத்தம் போட்டார்களா, இதையெல்லாம் யோசித்துவிட்டு எழுத உட்காருங்கள். ஒரு விதியை உடைத்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும்.

படி 7: சொல்லை அடுக்குவது

யாப்பு தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குறைந்தபட்சம் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஏதோ தப்பு இருக்கிறது. எதுகை, மோனை தானாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், எதுகைக்காக ஒரு பொருளைக் கொண்டுவந்தால் வீட்டுக்குள் சிறகு வந்த கதைதான்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது தமிழ் வாக்கியத்தின் வால். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருவதுதான் இயல்பு, வாக்கியம் எங்கே போகிறது என்பது கடைசிச் சொல் வரும் வரை தெரியாது. இது கவிதைக்குக் கிடைத்த பெரிய வசதி. "இன்னும் முடியவில்லை, நாங்கள் குடிவந்த நாள்" என்று புரட்டிப் போட்டுப் படித்துப் பாருங்கள். எதுவோ முடியவில்லை என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது, அப்புறம் வருவது வெறும் விளக்கம். "நாங்கள் குடிவந்த நாள்" என்று ஒரு வரியில் நிறுத்தினால் வாசகர் என்ன எதிர்பார்ப்பார்? மறந்துவிட்டது, தெரிகிறது, இருக்கிறது, இப்படி ஏதாவது. அடுத்த வரியில் "இன்னும் முடியவில்லை" வந்து விழுகிறது. புதுக்கவிதைக்காரர்கள் பலர் வினையை முன்னால் தூக்கிப் போட்டால் கவிதை மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பல இடங்களில் கையில் இருக்கும் துருப்புச் சீட்டை முதல் ஆட்டத்திலேயே போட்டுவிடுவது மாதிரிதான் அது.

இன்னொரு சோதனை. வரி உடைப்பை எடுத்துவிட்டு உரைநடையாக ஒரே பத்தியாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால், நீங்கள் எழுதியது உடைத்துப் போட்ட வாக்கியம். அதற்காக வருத்தப்பட வேண்டாம், நான்காம் படிக்குத் திரும்பிப் போனால் போதும், தாவல் இன்னும் நடக்கவில்லை.

அப்புறம் வெட்டு. முதலில் வெட்ட வேண்டியது பெரும்பாலும் கடைசி இரண்டு வரி, விளக்கம் சொல்லும் வரிகள். என் கவிதையில் அது "காலம் எங்களை மட்டும் வெளுத்துவிட்டது" என்று இருந்தது. நல்ல வரிதான் என்று ஒரு வாரம் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீலச் சதுரம் ஏற்கெனவே சொன்னதை இது ஒலிபெருக்கி வைத்துத் திரும்பச் சொல்கிறது, போகட்டும். அதற்குப் பதிலாக, இரண்டாம் படியில் எழுதிய குப்பையிலிருந்து வெள்ளையடிக்க வந்த ஆளை எடுத்துக்கொண்டேன். தாவி முடித்ததும் கால் தரையில் பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எல்லாக் கவிதைக்கும் பொருந்தாது, இதற்குப் பொருந்தியது.

சாமான்கள் போய்விட்டன.
படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும்
சுவர் வெளுக்கவில்லை.
அந்த நீலச் சதுரத்துக்குள்
நாங்கள் குடிவந்த நாள்
இன்னும் முடியவில்லை.
வெள்ளையடிக்க வந்தவர்
வாசலில் நிற்கிறார்.

படி 8: ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்

"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்பார்கள், வேறென்ன சொல்ல முடியும். "என்ன தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். தாளை மூடிவைத்துவிட்டு அவர் கண்ணில் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். வாசலில் நின்ற ஆளின் கையில் வாளி இருந்தது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கவிதையில் வாளியே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் கவிதை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு நண்பர் எட்டு வரியையும் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், "அந்தப் படத்தில் யார் இருந்தாங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிரவே அதை ஒரு வரியாகச் சேர்த்துப் பார்த்தேன், காலையில் எடுத்துவிட்டேன்.